இடது பக்கத்து இருட்டு

பல் டாக்டர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோதே ஏதோ ஆகிவிட்டது என்று தெருவுக்குத் தெரிந்துவிட்டது. பல்லைப் பிடுங்கும்போதுகூடப் பதறாத மனிதர். அவர் போய் நின்ற வாசல் இன்சூரன்ஸ்காரருடையது.

இன்சூரன்ஸ்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த கடை, மோதிய லாரி, வெள்ளம் புகுந்த கிடங்கு என்று ஆயுள் முழுக்கப் போய்ப் பார்த்து, யார் நிஜம் சொல்கிறார், யார் அளக்கிறார் என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர். அவர் ஓய்வு பெற்றாலும் தெரு அவருக்கு ஓய்வு தரவில்லை. சைக்கிள் காணவில்லை என்றாலும் அவர்தான், மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க வேண்டும் என்றாலும் அவர்தான். அவருக்கு எல்லாம் அலுத்துப் போயிருந்தது. யாராவது கதவைத் தட்டினால் முதலில் ஒரு பெருமூச்சு, அப்புறம்தான் "வாங்க."

அலுக்காத ஆள் ஒருவர் இருந்தார், எதிர்ப்பக்கத்து மருந்துக்கடைக்காரர். டாக்டர் தெருவைக் கடப்பதைப் பார்த்ததும் இருமலுக்கு மருந்து கேட்டு நின்றவரை இருமலோடு அப்படியே நிறுத்திவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டார்.

"கப்பல்ல ஒரு பக்கம் பூரா இருட்டு," என்றார் டாக்டர், உட்காரக்கூட இல்லை.

இது தண்ணீரில் போகிற கப்பல் இல்லை. பழைய விண்வெளிப் படம் ஒன்றில் வரும் கப்பல். படத்தில் ஊர் அளவுக்குத் தெரிந்தாலும், எடுத்தவர்கள் செய்தது மேஜை மேல் அடங்குகிற ஒரு மாதிரியைத்தான். சின்ன வயதில் அதைப் பார்த்து வாய் பிளந்த டாக்டர், பெரியவரானதும் அதையே கார் நீளத்துக்குச் செய்ய உட்கார்ந்துவிட்டார். காருக்கென்று அகலமாகக் கட்டிய ஷெட்டில் கப்பல். கார் தெருவில், காக்காய்களின் தயவில். பல் குடைகிற டிரில்லை வைத்தே கப்பலுக்கு ஜன்னல் ஜன்னலாக ஓட்டை போட்டார். ஓட்டைக்கு ஒன்றாக, தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழை. இழைகளெல்லாம் உள்ளே கொத்துக் கொத்தாகச் சேர்ந்து, கொத்துக்கு ஒரு விளக்குப் பலகையைப் பார்த்தபடி நிற்கும். பலகைகள் எரிந்தால் அத்தனை ஜன்னலிலும் ஆள் இருக்கிற மாதிரி வெளிச்சம் வரும்.

"இடது பக்கத்துப் பலகை எதுவுமே காணோம். சொல்லி வெச்சுச் செஞ்சது, ஞாயித்துக்கிழமைக்குள்ள வேற கிடைக்காது. அன்னைக்கு யார் வர்றார் தெரியுமா? அந்தப் படத்துல மாதிரிக்கு லைட் போட்ட பெரியவர். அவர் பார்க்கணும்னுதானே இத்தனை வருஷம்..."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகம் என்ன, என் மச்சான்தான். ஷெட் சாவி மூணு பேர்கிட்டதான் இருக்கு. எனக்கு, அவனுக்கு, வீட்டுக்காரிக்கு. ஒயரிங் பூரா அவன் செஞ்சது. போன வாரம் லைட் வெள்ளையா இருக்கணுமா மஞ்சளா இருக்கணுமான்னு எனக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு. காலையில நேராவே சொல்லிட்டேன், இனிமே என் வீட்டுப் படி ஏறாதேன்னு."

மச்சான் என்றால் டாக்டர் மனைவியின் தம்பி, லிஃப்ட் மெக்கானிக். அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்து ஆளாக்கியது அக்காதான். டாக்டர் வீட்டில் இரண்டு வேளை சாப்பிடாமல் அவனுக்கு நாள் முடியாது.

"அக்கா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. டிபனை மேஜையில வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டா. சார், அவன்தான்னு நீங்க ஆதாரத்தோட சொல்லிட்டா, அந்த உறவே வேண்டாம்னு முடிச்சுக்கறேன். அவ தம்பி பின்னாடியே போறேன்னா போகட்டும்."

மருந்துக்கடைக்காரர் கண்ணை அகல விரித்தார். இன்சூரன்ஸ்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "கிளெய்ம் கேட்டு வர்றவங்க எல்லாரும் இப்படித்தான். பதிலையும் அவங்களே கொண்டு வந்துடறாங்க. வாங்க, பார்ப்போம்."

ஷெட்டுக்குள் கப்பல் சக்கரம் வைத்த தாங்கியில் நின்றது. வலது பக்கம் கதவைப் பார்த்து ஜொலித்தது. இடது பக்கம் சுவரோரமாக, கரிச்சட்டி மாதிரி.

"எப்பவும் இப்படித்தான் நிக்குமா?"

"இல்ல. மூக்கு கதவைப் பார்த்து நிக்கும், ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி. காலையில வந்தா இப்படித் திரும்பி நிக்குது."

இன்சூரன்ஸ்காரர் சுவருக்கும் கப்பலுக்கும் இடையில் கஷ்டப்பட்டு நுழைந்து, அடிமூடியைத் திறந்து டார்ச் அடித்தார். பலகைகள் இருந்த இடம் காலி. ஒயர் எதுவும் அறுக்கப்படவில்லை. ஸ்க்ரூவைத் தளர்த்திக் கழற்றி, முனைகளை மடக்கி வைத்திருந்தார்கள். இழைக்கொத்துகள் சீவி விட்ட தலை மாதிரி அப்படியே நின்றன.

"இழை எதாவது உடைஞ்சிருக்கா?"

"ஒண்ணுகூட இல்ல. அது ஒண்ணுதான் ஆறுதல். மச்சான் கை பட்டாலே உடைஞ்சிடும், அவன் கை அப்படி. அதனால இழைப் பக்கம் நான் அவனை விடறதே இல்ல. முதல் வருஷம் எல்லாம் வீட்டுக்காரிதான் கோத்துக் கொடுத்தா. இப்ப அவளுக்குச் சலிச்சுப் போச்சு, இந்தப் பக்கமே வர்றதில்ல."

மருந்துக்கடைக்காரர் இதற்குள் கப்பலை மோப்பம் பிடித்து முடித்திருந்தார். "டாக்டர், இங்க ஒரு கம்பி வளைஞ்சிருக்கு. மூணாவது ஜன்னலுக்கு மேல. கை பட்டு வளைஞ்சதா?"

டாக்டருக்குப் பெருமை பொங்கிவிட்டது. "அது நான் வேணும்னே வளைச்சது. படத்துல அப்படித்தான் இருக்கு. அந்தப் பக்கமும் பாருங்க, அதே இடத்துல, அதே மாதிரி வளைச்சிருக்கேன்." சுவரில் இருந்த டிவியைப் போட்டுக் காட்டினார். கப்பல் வலப்புறமாகப் போகிற காட்சி, இடப்புறமாகப் போகிற காட்சி. இரண்டிலும் மூன்றாவது ஜன்னலுக்கு மேல் கம்பி அதே கோணத்தில் வளைந்திருந்தது. "இந்த ரெண்டாவது காட்சியைப் பார்த்துத்தான் இடது பக்கத்தைச் செஞ்சேன்."

"ஒரே காட்சியில ரெண்டு பக்கமும் தெரியற மாதிரி எங்கயாவது வருதா?" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"வராது. வந்திருந்தா எனக்கு எவ்வளவு வேலை மிச்சமாயிருக்கும்."

இன்சூரன்ஸ்காரர் டிவியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே அணைத்தார். டாக்டரை விட்டுவிட்டு அவரும் மருந்துக்கடைக்காரரும் அக்காவைப் பார்க்கப் போகிற வழியில் லிஃப்ட் மெக்கானிக்கைப் பிடித்தார்கள். பழைய கட்டடம் ஒன்றின் லிஃப்ட் குழியில், கிரீஸ் கையோடு நின்றிருந்தான்.

"நான் எடுக்கல சார். அத்தான் என்னை நம்பலைன்னா அது அவர் இஷ்டம். மஞ்சள் லைட் நல்லா இல்லைன்னு இப்பவும் சொல்வேன், அது வேற விஷயம்."

"அக்காகிட்ட பேசினீங்களா?"

"போன் பண்ணேன். 'கொஞ்சம் பொறுடா'ன்னு மட்டும் சொல்லிச்சு. எதுக்குப் பொறுக்கணும்னு சொல்லல."

வெளியே வந்ததும் மருந்துக்கடைக்காரர் விரலைச் சொடுக்கினார். "புரிஞ்சு போச்சு. அக்காதான். கார் வெயில்ல காயுது, புருஷன் சாப்பாட்டை மறந்துட்டு ஷெட்ல கிடக்கறார். எந்தப் பொம்பளைக்குத்தான் ஆத்திரம் வராது?"

"ஆத்திரம் வந்தா மூடியைத் திறந்து ஸ்க்ரூவைக் கழட்டுவாங்களா? சுத்தியலை எடுப்பாங்க."

அக்காவுக்கு வேலை ஒரு ஸ்கேன் சென்டரில், எக்ஸ்ரே பிரிவில். அவர்கள் போனபோது ஒருவரின் முழங்காலைப் பலகை மேல் சரியாக வைத்து, பக்கத்தில் ஈயத்தில் செய்த சின்ன எழுத்து ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"அது எதுக்கும்மா?" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"எந்தக் கால்னு தெரியணுமே சார். இது இல்லாம படத்தைத் திருப்பி மாட்டினா இடது வலதாயிடும். படம் பொய் சொல்றது பார்க்கிறவங்களுக்குத் தெரியவே தெரியாது." சொல்லி முடித்ததும் அந்த ஈய எழுத்தின் மேலேயே அவருடைய கை நின்றுவிட்டது.

"எத்தனை தடவைம்மா அந்தக் கப்பல் படத்தைப் பார்த்திருப்பீங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க. கல்யாணம் ஆனதுல இருந்து அதே படம்தான்."

"நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் ஷெட்டுக்கு வாங்க. தம்பியையும் வரச் சொல்லுங்க. நடந்ததை நீங்களே சொல்றதுன்னாலும் சரி."

அவர் ஈய எழுத்தை இன்னொரு முறை அழுத்தி ஒட்டினார். முழங்கால்காரர்தான் "அசையலாமா?" என்று கேட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஷெட்டில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். லிஃப்ட் மெக்கானிக் ஷட்டருக்கு வெளியே, எல்லைக்கோடு போட்ட மாதிரி நின்றான். மருந்துக்கடைக்காரர் ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார், தனக்கு. இன்சூரன்ஸ்காரர் கேட்காமலே அதில் உட்கார்ந்தார்.

"டாக்டர், உங்க மச்சான் இதைச் செய்யல. அவர் கை பட்டா இழை உடையும்னு நீங்களே சொன்னீங்க. இங்க ஒண்ணுகூட உடையல. ரெண்டாவது, கெடுக்க வந்தவங்க கெட்ட பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்ப மாட்டாங்க. நல்ல பக்கம் வர்றவர் கண்ணுல படட்டும்னு நெனச்சவங்கதான் திருப்புவாங்க. உங்க பெருமையைக் காப்பாத்தத்தான் அப்படி வெச்சிருக்காங்க."

"எதுல இருந்து காப்பாத்த?"

இன்சூரன்ஸ்காரருக்கு இந்த இடம் எப்போதும் பிடிக்காது. தீ எப்படிப் பிடித்தது என்று கடைக்காரரிடம் சொல்கிற இடம். "ஒரு கப்பலோட ரெண்டு பக்கத்துலயும் ஒரே இடத்துல ஒரே மாதிரி எப்படிங்க கம்பி வளையும்? படம் எடுத்தவங்க ஒரு பக்கம்தான் செஞ்சாங்க. இன்னொரு பக்கத்துல அந்த மாதிரியைத் தாங்கற கம்பமும் ஒயரும் போயிருக்கும், வெறும் மரமா விட்டிருப்பாங்க. இடப்புறம் போற காட்சிக்குப் படச்சுருளைத் திருப்பிப் போட்டுட்டாங்க. நீங்க பார்த்துப் பார்த்துச் செஞ்ச இடது பக்கம், வலது பக்கத்தைக் கண்ணாடியில பார்த்த மாதிரி. அப்படி ஒரு பக்கமே கிடையாது."

டாக்டர் டிவியைப் பார்த்தார். அது அணைந்துதான் இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார். மருந்துக்கடைக்காரருக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. நல்லவேளை, எதுவும் தோன்றவில்லை.

"திருப்பிப் போட்ட படத்தைப் பார்த்ததும் கண்டுபிடிக்கிற கண்ணு இந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான் இருக்கு," என்றார் இன்சூரன்ஸ்காரர். "இழையை உடைக்காம எடுக்கிற கையும் அவங்களோடதுதான்."

அக்கா கைப்பையைத் திறந்து, துண்டில் சுற்றிய விளக்குப் பலகைகளை மேஜையில் வைத்தார்.

"பெரியவர் வந்து எல்லார் முன்னாடியும் 'இது என்னய்யா, இந்தப் பக்கம் நாங்க செய்யவே இல்லையே'ன்னு சிரிச்சுட்டா? பாதி ராத்திரி தள்ளித் தள்ளித் திருப்பி வெச்சேன். லைட்டும் இல்லைன்னா நீங்களும் அப்படியே சுவரோரமா விட்டுடுவீங்கன்னு நெனச்சேன். தம்பி மேல பழி போடுவீங்கன்னு நெனக்கல. நான்தான்னு சொன்னா ஏன்னும் சொல்லணும். எதைச் சொன்னா உங்களுக்குக் குறைச்சலா வலிக்கும்னு ராத்திரி பூரா யோசிச்சேன்."

"எப்ப தெரியும் உனக்கு?"

"நீங்க இடது பக்கம் ஆரம்பிச்ச புதுசுலயே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். கையில டிரில்லை வெச்சுக்கிட்டு ஏதோ பாட்டு முனகிட்டு இருந்தீங்க. திரும்பிப் போயிட்டேன். அப்புறம் தினமும் நாள் தள்ளிக்கிட்டே போச்சு. அதுக்கப்புறம் இந்த ஷெட்டுக்குள்ள வரவே பிடிக்கல."

டாக்டர் கப்பலைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் போனார். இருட்டுப் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, மூக்கிலிருந்து வால்வரை தடவிக்கொண்டே நடந்தார். சொத்தைப் பல்லைப் பார்த்து, பிடுங்குவதா அடைப்பதா என்று யோசிக்கும்போது அவர் முகம் இப்படித்தான் இருக்கும்.

"அப்ப இந்தப் பக்கம் யாரும் செய்யாதது," என்றார் கடைசியில்.

"யாரும் செய்யல," என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"பெரியவர் கேட்டா, அவங்க விட்ட பக்கத்தை நாங்க செஞ்சு முடிச்சோம்னு சொல்றேன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும். ஒளிச்சு வெச்சு யாருக்கு என்ன." தாங்கியைத் தள்ளப் பார்த்தார். தனியாளாகத் தள்ளினால் அது அங்குலம் அங்குலமாகத்தான் நகர்ந்தது. அக்கா மறுமுனையைப் பிடித்தார், அப்போதும் அரைகுறையாகத்தான் திரும்பியது. டாக்டர் நிமிர்ந்து ஷட்டர் பக்கம் பார்த்தார்.

"ஏன்டா வெளியவே நிக்கற?"

"படி ஏறாதேன்னீங்களே அத்தான்."

டாக்டர் தரையைப் பார்த்தார். தெருவும் ஷெட்டும் ஒரே மட்டம், கார் ஏறுவதற்காகக் கட்டியது. மன்னிப்புக் கேட்டு அந்த வாய்க்குப் பழக்கமில்லை.

"இங்க படி எங்கடா இருக்கு? வந்து இந்தப் பக்கம் பிடி."