பலாமரத்தில் இரண்டு பொதிகள்

காலை ஆறு மணி. கினிகத்தேனைக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், செல்லசாமியின் மாட்டுக் கொட்டிலில் கன்று ஒன்று செத்துப் பிறந்து கிடந்தது.

ஏழரைக்குப் பொலிஸ் வந்தது.

"அழகம்மாதாங்க. களைக்கொல்லிய தொட்டித் தண்ணியில கலந்துட்டா," என்று அடித்துச் சொன்னார் செல்லசாமி.

இரண்டு மாதமாக அந்தக் கொட்டிலைக் கழுவுபவள் அழகம்மா. மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். அவளுக்கோ பயம் விடவில்லை. பழி நின்றால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் பறிபோகும். பிள்ளைகளோடு எங்கே போவாள்?

சார்ஜன்ட் அஸ்லம் மாட்டு வைத்தியரான டாக்டர் சர்மிளாவை அழைத்திருந்தார். குறுக்குக் கேள்வியில் அவள் பொலிசையே மிஞ்சுவாள்.

"மாடு எங்க தண்ணி குடிச்சுச்சு?"

"இதே தொட்டியிலதாங்க."

தாய்ப்பசு நிம்மதியாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. விஷம் குடித்த மாட்டுக்கு இத்தனை பசியா?

"முந்திக் கன்னு போட்டிருக்கா?"

"இல்லீங்க. தலையீத்து."

"வேற மாடு வளர்த்தீங்களா?"

"இது ஒண்ணுதாங்க எப்பவும்."

கொட்டிலுக்குப் பின்னால் பலாமரம். பால் பெருக வேண்டுமென்று நஞ்சுக்கொடியைச் சாக்கில் பொதிந்து பால் வடியும் மரத்தில் கட்டுவது வழக்கம். புதுப் பொதி ஈரமாகத் தொங்கியது. அதற்கு மேலே நைந்த பழைய பொதி ஒன்று.

சர்மிளா திரும்பினாள். செல்லசாமி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், குளிரிலும் வேர்வை.

"காய்ச்சலா?"

"குளிருக்கு வர்றதுங்க."

"இது விஷமில்ல. கன்னைக் கலைக்கிற கிருமி. மனுசருக்கும் தொத்தும்."

"அப்ப அவதான் கொண்டாந்திருப்பா. அவளுக்கும் பத்து நாளாக் காய்ச்சல்."

இருவர் இரத்தமும் சோதனைக்குக் கண்டிக்குப் போனது. நான்காம் நாள் முடிவு வந்தது. சர்மிளா எல்லாரையும் பலாமரத்தடிக்கே அழைத்தாள்.

"கிருமி வந்தா அதை எதிர்க்க இரத்தம் முதல்ல ஒரு பொருளைச் செய்யும். மாசக்கணக்கானா அது குறைஞ்சிரும். பிறகு வந்த இன்னொண்ணு தங்கும். அழகம்மா இரத்தத்துல முதலாவது நிறைய இருக்கு. புதுசாத் தொத்தினது. உங்க இரத்தத்துல ரெண்டாவதுதான் நிறைஞ்சிருக்கு. அவ இங்க வர்றதுக்கு ரொம்ப முந்தியே உங்களுக்கு வந்திருச்சு."

சர்மிளா மேலே தொங்கிய பழைய பொதியைக் காட்டினாள்.

"ஒரே மாடு, தலையீத்துன்னீங்க. மேல தொங்குறது எந்த ஈத்துப் பொதி? போன தடவையும் கன்னு செத்திருக்கு. அதை இரகசியமாப் புதைச்சீங்க. பொதியைக் கட்டாம இருக்க மட்டும் மனசு வரல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர் தலைகுனிந்தார்.

"நோயின்னு தெரிஞ்சா மாட்டைக் கொண்டுபோயிருவாங்கன்னு பயந்துட்டேங்க."

அழகம்மா அப்போதுதான் வாய் திறந்தாள்.

"மாடு போயிரக்கூடாதுன்னு எம்புள்ளைகளைத் தெருவுக்கு அனுப்பப் பாத்தீங்களே அண்ணே."