குழாய் இல்லாத சுவர்

வியாழக்கிழமை காலை 8.10.

ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவே இருந்த சுவரில், சுவிட்ச் பெட்டியைச் சுற்றி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம் பூத்திருந்தது. செவ்வாய்க்கிழமை நன்றாகக் காய்ந்துபோய், உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாகப் பெயிண்ட் அடித்த அதே இடம்.

"நாலாவது தடவை" என்றான் வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தவன். குரலில் சுரத்தே இல்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை வாடகை வீட்டைக் காலி பண்ணணும். நாளைக்கு மின் இணைப்பு குடுக்க வராங்க. இதை வச்சுக்கிட்டு எப்படி குடிவர்றது?"

பிளம்பர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஐம்பது வயது, குறைவாகப் பேசுகிறவர்.

"சார், இந்தச் சுவத்துல நான் பைப்பே போடல."

"அப்ப தண்ணி வானத்துல இருந்தா வருது? பத்து மணிக்குச் சுவரை உடைச்சுப் பாத்துடலாம்."

"உடைங்க. உள்ள பைப் இல்லன்னா நான் இன்னையோட கிளம்பிடுவேன். இருபத்தஞ்சு வருஷமா ஒரு வீட்லயும் என் வேலை ஒழுகினது இல்ல."

அந்த நேரத்தில்தான் அவன் மனைவி படியேறி உள்ளே வந்தாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. எந்த நரம்பில் இரத்தம் கிடைக்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்கிறவள். கைப்பையில் எப்போதும் நாலு சிரிஞ்சு இருக்கும். வேலையாட்கள் முதலில் முதுகுக்குப் பின்னாலும், பிறகு நேரிலேயும் வைத்த பெயர் ஊசியம்மா.

அவள் சுவரைப் பார்த்தாள். பிளம்பரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு கணவனிடம் சொன்னாள்.

"சாயங்காலம் வரைக்கும் யாரும் சுத்தியலைத் தொடக் கூடாது. இன்னைக்கு நான் லீவு போட்டுடறேன்."

"லீவு போட்டு?"

"இந்தத் தண்ணியை விசாரிக்கிறேன்."

காலை 8.40.

பூச்சு வேலைக்கு முன்பு ஒவ்வொரு சுவரையும் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு அவள் படம் எடுத்து வைத்திருந்தாள். "சுவருக்கெல்லாமா எக்ஸ்ரே எடுப்பாங்க?" என்று கணவன் அன்று கேலி செய்தான். இப்போது அவனே ஃபோனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். தண்ணீர்க் குழாய் ஒன்றுகூட இல்லை. கூரையிலிருந்து சுவிட்ச் பெட்டிக்கு இறங்கும் ஒயர் பைப் மட்டும் சாம்பல் நிறத்தில் நேராக வந்தது.

"பிளம்பர் அண்ணே, உங்க லைனைச் சோதிச்சீங்களா?"

"அழுத்தம் ஏத்தி, வால்வை மூடி, ஒரு நாள் முழுக்க விட்டேன். மீட்டர் முள்ளு அசையல."

"லைன்ல எப்பவும் தண்ணி இருக்குல்ல?"

"எப்பவும்."

"அப்படின்னா ஒழுகல் இருந்தா எப்பவும் ஈரமா இருக்கணும். இது நடுவுல காயுதே." அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "எந்தெந்த நாள்ல ஈரம் வந்துச்சு?"

அவன் ஃபோனைத் தள்ளிப் பார்த்தான். "போன வாரம் திங்கள், வியாழன். இந்த வாரம் திங்கள். இன்னைக்கு வியாழன்."

"மழை?"

"நாப்பது நாளா ஒரு தூறல்கூட இல்ல."

ஊசியம்மா சுவரருகே போனாள். மின் இணைப்பு இன்னும் வரவில்லை என்பதை உறுதி செய்துகொண்டு சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றினாள். அடியில் இரண்டு ஸ்பூன் அளவு தண்ணீர் தேங்கியிருந்தது. சிரிஞ்சில் உறிஞ்சி ஒரு சின்னப் பாட்டிலில் விட்டாள். வாசல் குழாயிலிருந்து போர் தண்ணீரை இன்னொரு பாட்டிலில் பிடித்தாள். இரண்டிலும் சோப்புச் சீவல் போட்டுக் குலுக்கினாள்.

போர் தண்ணீர் பாட்டிலில் திரிதிரியாக வெள்ளை அழுக்கு மிதந்தது. சுவரிலிருந்து வந்த தண்ணீர் கழுத்து வரை நுரைத்தது.

பிளம்பர் முதல் முறையாகக் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

"இது நம்ம வீட்டுத் தண்ணியே இல்லம்மா!"

"இல்ல. யாரோ வெளியில இருந்து கொண்டு வந்த தண்ணி." அவள் பையிலிருந்து ஒரு சொட்டு மருந்தை எடுத்தாள். சுண்ணாம்பு கலந்தால் சிவக்கும் மருந்து. பெட்டித் தண்ணீரில் விட்டாள். நிறம் மாறவில்லை. "சிமெண்டுல ஊறி வந்திருந்தா சுண்ணாம்பு கலந்திருக்கும். இது கலக்காம வந்திருக்கு. நேரா ஒரு குழாய் வழியா."

"இந்தச் சுவத்துல இருக்கிறது ஒயர் பைப் மட்டும்தானே" என்றான் கணவன்.

"அதேதான்."

காலை 9.30.

மொட்டைமாடியில் வெள்ளை டைல்ஸ் கண்ணைக் கூச வைத்தது. ஒதுக்குப்புறமாக நின்று டைல்ஸ்காரர் சுவரோரத்தில் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தார்.

"நல்லா போட்டிருக்கீங்க."

"ரசமட்டம் வச்சுப் பாருங்கக்கா, ஒரு மேடு பள்ளம் கிடையாது. பந்தை வச்சா நேரா வடிகாலுக்குத்தான் ஓடும்."

"எப்ப முடிச்சீங்க?"

"ஒரு மாசம் ஆச்சு. இந்த ஓரம் மட்டும் பாக்கி."

"இடையில நீங்களோ உங்க ஆளுங்களோ தண்ணி ஊத்திக் கழுவினீங்களா?"

"போர் தண்ணிய ஊத்தினா காஞ்சதும் வெள்ளையா கறை நிக்கும். விளக்குமாறுதான்."

ஊசியம்மா குனிந்தபடி நடந்தாள். டைல்ஸ் இணைப்புகளில் அங்கங்கே மெல்லிய களிமண் தடம். தொடர்ந்து பார்த்தால் அது சதுரமாகத் திரும்பியது. ஒவ்வொரு சதுரத்தின் மூலையிலும் பென்சிலால் பொடிப்பொடியாக எழுதிய எண். ஒன்றிலிருந்து ஆறு வரை, எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சரி குறி. ஏழுக்குப் பக்கத்தில் நாலு. எட்டு என்று எதுவும் இல்லை. ஏழின் நடுவே ஒரு குறுக்குக் கோடு போட்டிருந்தது.

அவள் அந்த ஏழாம் எண்ணையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனில் கூரையின் பழைய படத்தைத் திறந்தாள். சோலார் ஒயருக்காக விட்டிருந்த பைப், ஒரு முழ உயரத்துக்கு எழும்பி, வாய் கீழே பார்க்கும்படி வளைந்து நின்றது. இப்போது அந்த இடத்தில் டைல்ஸ் மட்டும்தான். விரல் முட்டியால் தட்டினாள். மற்ற இடங்களில் 'டொக்' என்றது. இங்கே மட்டும் 'டப்' என்றது.

அந்த டைல்ஸ் ஏழாம் சதுரத்துக்குள் இருந்தது.

காலை 10.15.

மேஸ்திரி வாசலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"கேட் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட ஒண்ணு. சார்கிட்ட ஒண்ணு. மூணாவது உங்க வாடகை வீட்ல."

"ஞாயித்துக்கிழமை?"

"வேலை கிடையாது."

"புதன்கிழமை?"

"நாலு மணிக்கே பூட்டிடுவோம். எனக்கு அடுத்த தெருவுல இன்னொரு வேலை இருக்கு." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஏம்மா, ஏதாவது திருட்டா?"

"எதுவும் குறையல. தண்ணிதான் கூடியிருக்கு."

எலெக்ட்ரீஷியனை ஃபோனில் பிடித்தாள்.

"மாடியில சோலார் பைப்பை வளைச்சு விட்டீங்கல்ல?"

"ஆமா மேடம், மூடியும் போட்டேன்."

"அதைத் தொடக் கூடாதுன்னு டைல்ஸ்காரர்கிட்ட சொன்னீங்களா?"

"நான் முடிச்சப்ப அவர் இன்னும் வரவே இல்லையே மேடம்."

மதியம் 1.00.

வாடகை வீடு பத்து நிமிஷ தூரம். சமையலறைக் கதவருகே ஆணியில் மூன்றாவது சாவி தொங்கியது. தொட்டுப் பார்த்தாள். சாவி வளையத்தின் இடுக்கில் உலர்ந்த களிமண். சமையலறைக் குழாயைத் திறந்து மூன்றாவது பாட்டிலில் பிடித்து சோப்புப் போட்டுக் குலுக்கினாள். கழுத்து வரை நுரை.

மாமனார் செய்தித்தாளில் எண் புதிர் போட்டுக்கொண்டிருந்தார். தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மாதத்துக்கு முன்பு ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, மேஸ்திரியுடன் முட்டிக்கொண்டார். "இந்த ஐயா வந்தா நான் வரல" என்று மேஸ்திரி கையை விரித்துவிட, வீடு முடியும் வரை அந்தப் பக்கம் போவதில்லை என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஊதிப் பெரிதாக்குவார் என்று பயந்து, ஈரச் சுவரைப் பற்றி மகனும் மருமகளும் அவரிடம் மூச்சு விடவில்லை.

"மாமா, நேத்து சாயங்காலம் எங்க போயிருந்தீங்க?"

"நடைப் பயிற்சிம்மா."

"வண்டியிலயா?"

மாமனார் நிமிரவில்லை. புதிரின் ஒரு கட்டத்தில் ஏழு எழுதினார். நடுவே குறுக்குக் கோடு.

"அஞ்சு மணிக்குக் கிளம்பியிருங்க மாமா. புது வீட்டுக்குப் போறோம்."

"நான் வாக்குக் குடுத்திருக்கேனே" என்றார் அவர், காகிதத்தைப் பார்த்தபடியே.

"அதைப் பத்தித்தான் பேசணும்."

மாலை 5.20.

மொட்டைமாடியில் எலெக்ட்ரீஷியன் உட்பட எல்லோரும் வட்டமாக நின்றார்கள். மாமனாரைப் பார்த்ததும் மேஸ்திரியின் முகம் சுருங்கியது. ஊசியம்மா டைல்ஸ்காரரிடம் உளியை நீட்டினாள்.

"இந்த ஒரு டைல்ஸை எடுங்கண்ணே."

அவருக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்து பெயர்த்தார். அடியில், தளத்தோடு தளமாக அறுக்கப்பட்ட பைப்பின் வாய். அதில் ஈரத்தில் ஊறிக் கூழாகிப்போன சிமெண்டு மூட்டைக் காகிதம் திணித்திருந்தது.

"பைப் நடுவுல துருத்திக்கிட்டு இருந்துச்சுக்கா. பழசா ஏதோ விட்டுப் போனதுன்னு நெனச்சு அறுத்துட்டேன். டைல்ஸ் மட்டமா வரணுமேன்னு..." டைல்ஸ்காரர் உளியைக் கீழே வைத்தார்.

"எலெக்ட்ரீஷியன் அவர் வேலையைச் சரியா செஞ்சார். நீங்க உங்க வேலையைச் சரியா செஞ்சீங்க. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்ல. பாக்க வைக்க வேண்டிய நாங்களும் வைக்கல" என்றாள் அவள். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "டைல்ஸ் இடுக்குல இறங்கி, இந்த ஒயர் பைப் வழியா கீழ. பாதை இதுதான். ஆனா பாதை இருந்தா மட்டும் போதாது. தண்ணியை யாராவது ஊத்தணும். மழை இல்ல. குழாய் இல்ல. இங்க நிக்கிற ஒருத்தர், ஞாயிறும் புதனும் ஆள் இல்லாத நேரம் பாத்து, களிமண்ணால வரப்பு கட்டி, வீட்ல இருந்து நல்ல தண்ணி கொண்டு வந்து, கட்டம் கட்டமா தேக்கி வச்சிருக்கார். போர் தண்ணி ஊத்தினா கறை காட்டிக் குடுத்துடும்னு அவருக்குத் தெரியும். ஆனா ஏழுக்கு நடுவுல கோடு போடுற பழக்கத்தை அவரால மறைக்க முடியல."

கணவன் மெல்லத் திரும்பினான். "அப்பா!"

மாமனார் தொண்டையைச் செருமினார்.

"மாடித் தளத்துல தண்ணி நிக்குதா, இறங்குதான்னு பாக்காம குடிபோனா, அப்புறம் ஆயுசுக்கும் தலைவலிடா. நான் சொன்னா யாரும் கேக்க மாட்டீங்க. அதான் ரெண்டு கேன்ல தண்ணி கொண்டு வந்து நானே பாத்தேன். ஆறு கட்டமும் அருமையா நின்னுச்சு. ஏழுல மட்டும் ஒரு மணி நேரத்துல அரை விரல் இறங்கிடுச்சு. அளந்ததுல தப்போன்னு திரும்பத் திரும்பப் பாத்தேன். உறுதியான பிறகு சொல்லலாம்னு இருந்தேன். கீழ சுவரு நனையுதுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"நாங்கதான் சொல்லல மாமா" என்றாள் ஊசியம்மா.

எலெக்ட்ரீஷியன் அதுவரை பைப்பின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது வாயைத் திறந்தார்.

"சார், நாளைக்குக் கரண்டு குடுத்திருப்போம். அடுத்த மாசம் மழை. அவ்வளவு தண்ணியும் நேரா சுவிட்ச் பெட்டிக்குள்ள இறங்கியிருக்கும். ஈரக் கையோட யாராவது சுவிட்சைத் தொட்டா..."

மேஸ்திரி இரண்டு எட்டு முன்னால் வந்தார். "நான்தான் உங்களை வராதீங்கன்னு சொன்னேன்."

"நானும் கொஞ்சம் ஓவராத்தான் போனேன். ஜன்னலுக்கு அவ்வளவு பாத்திருக்க வேண்டாம்."

"இல்ல ஐயா. மேல ரெண்டாவது ஜன்னல் கோணல்தான். அன்னைக்கு ஒத்துக்க மனசு வரல."

கணவன் பிளம்பரின் அருகே போய் நின்றான். "அண்ணே, மனசுல வச்சுக்காதீங்க."

"சுவர் தப்பிச்சுதே, அது போதும் சார்" என்றார் பிளம்பர். முகத்தில் ஒரு சிரிப்பு வந்துவிட்டுப் போனது.

சனிக்கிழமை காலை 7.00.

மின் இணைப்பை நாலு நாள் தள்ளிப் போடச் சொல்லியிருந்தார்கள். எலெக்ட்ரீஷியன் புது பைப்பை ஒட்டி முழ உயரத்துக்கு ஏற்றி, வளைத்து, மூடி போட்டார். டைல்ஸ்காரர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அந்த வளைவைச் சுற்றி டைல்ஸை அரைவட்டமாக அறுத்துப் பொருத்தினார். இருவரும் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஒருவர் ஃபோன் எண்ணை மற்றவர் வாங்கிக்கொண்டார்கள். ஒட்டியது இறுக ஒரு நாள் விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை, வேலையில்லாத நாளில், அத்தனை பேரும் வந்தார்கள். வடிகாலை அடைத்து, பிளம்பர் சம்ப்பிலிருந்து ஹோஸ் இழுத்து மாடி முழுக்க ஒரே தடவையாகத் தண்ணீர் விட்டார். "கறை பட்டா படட்டும், நான் கழுவித் தரேன்" என்றார் மேஸ்திரி. மாமனார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அளவுகோலைத் தண்ணீரில் நிறுத்தி, கால் மணிக்கு ஒரு தடவை உரக்கப் படித்தார். கீழே ஹாலில் மற்றவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி நின்றார்கள். கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் காலையும் சுவர் எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது.

வடிகாலைத் திறந்து தண்ணீர் போய்க்கொண்டிருந்தபோது, டைல்ஸ்காரர் மாமனாரின் அருகே வந்து நின்றார். கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னப்பா?"

"நானும் சின்னதா ஒரு வீடு கட்டறேன் ஐயா. ரெண்டு ரூம்தான். போன மாசம் மேல்தளம் போட்டோம்." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒரு நாள் வந்து பாப்பீங்களா?"

மாமனார் மருமகளைப் பார்த்தார். அவள் கைப்பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"எந்தத் தெருப்பா?" என்றார் அவர், எழுந்துகொண்டே.