முற்றத்துக்கு எவ்வளவு ஜல்லி?

அந்த வருடம் ஆஸ்திரேலியாவில் நாங்கள் இருந்த வையாலா ஊரில் மழையே இல்லை. எங்கள் வீட்டு முன்னால் இருந்த புல்தரை காய்ந்து பழுப்பாகிவிட்டது.

"புல்லும் வேண்டாம், தண்ணி ஊத்தவும் வேண்டாம். முற்றம் முழுக்க ஜல்லி பரப்பிடலாம்" என்றார் அப்பா.

எனக்கு அப்போது பத்து வயது. காலடி வைத்து அப்பா அளப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீளம் பன்னிரண்டு மீட்டர், அகலம் அஞ்சு. அரை அடி கனம். ஒன்பது கன மீட்டர்!"

பக்கத்து வீட்டு கிளாரி மாமா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "ஏன் லெஸ், முற்றம் போடறியா, ரயில் பாதை போடறியா?"

"நீ உன் தக்காளியைப் பாருப்பா!"

போச்சு. கிளாரி மாமா சொன்னதற்காகவே அப்பா இனி ஒரு கல்கூடக் குறைக்கமாட்டார். காலையில் குவாரிக்குப் போன் செய்துவிடுவார். கொட்டிய ஜல்லியை அவர்கள் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

என் கவலை வேறு. வேலையில் கீழே விழுந்ததிலிருந்து அப்பாவுக்கு முதுகுவலி. அவ்வளவையும் எப்படி அள்ளுவார்?

கிளாரி மாமா வீட்டு ஜல்லிப் பாதையில் என் ஸ்கேலைக் குத்திப் பார்த்தேன். ஐந்து சென்டிமீட்டர்தான் இறங்கியது. ஏறி நடந்தேன். கால் புதையவில்லை, மண்ணும் தெரியவில்லை.

இதை நேராகச் சொன்னால் அப்பாவுக்கு ரோஷம் வந்துவிடும். சாப்பாடு முடிந்ததும் நோட்டோடு போனேன்.

"அப்பா, டீச்சர் குடுத்த ஒரு கணக்கு வரமாட்டேங்குது."

"படி, கேப்போம்."

"பன்னிரண்டு மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலத்துல ஒரு முற்றம். ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு எவ்வளவு ஜல்லி வேணும்?"

அப்பா அடி, அங்குலம் படித்து வளர்ந்தவர்; சென்டிமீட்டர் என்றால் தடுமாறுவார். எங்கள் பள்ளிக்கூடத்துக்கே மீட்டர் கணக்கு வந்து சில வருடம்தான் ஆகியிருந்தது. பென்சிலைக் கடித்துக் கடித்துக் கணக்கைப் போட்டார். இன்றும் அவரை நினைத்தால் அந்தச் சமையலறை மேசையும், கடிபட்ட பென்சிலும்தான் முதலில் வருகின்றன.

"பன்னிரண்டு அஞ்சு அறுபது... புள்ளி வெச்சு... மூணு." சட்டென்று நிறுத்தினார். "மூணா?"

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

"அஞ்சு சென்டிமீட்டர் போதும்னு யார் சொன்னது?"

"கணக்குல அப்படித்தான்பா இருக்கு."

அப்பா என் ஸ்கேலை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். இடுப்பைப் பிடித்தபடி குனிந்து, கிளாரி மாமாவின் பாதையில் ஸ்கேலைக் குத்திக்கொண்டிருந்தார்!

காலையில் போனில் அவர் குரல் கேட்டது. "மூணு. ஆமாங்க, மூணே மூணு கன மீட்டர்."

சனிக்கிழமை ஜல்லி வந்தது. கிளாரி மாமா தன் தள்ளுவண்டியோடு தானே வந்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து சாயங்காலத்துக்குள் பரப்பி முடித்தோம். ஒரு வாளிதான் மிச்சம்.

"அளவா வாங்கியிருக்கியே, லெஸ்!"

"பின்னே? என்னை என்னன்னு நினைச்சே?"

மாமா போனதும் அப்பா படியில் என் பக்கத்தில் உட்கார்ந்து தேநீரை உறிஞ்சினார்.

"ஏன் ரோவினா, உங்க டீச்சர் வீட்டு முற்றமும் நம்ம முற்றத்து அளவேதானா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதலில் சிரித்தது அப்பாதான். அம்மா வெளியே வந்து, "அப்படி என்ன சிரிப்பு?" என்று கேட்ட பிறகும் எங்களால் நிறுத்த முடியவில்லை.