மூன்று மணி இருபது நிமிடத் தண்ணீர்

வண்ணார்பேட்டையில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஐயம்பெருமாளின் கடைக்கு அன்று காலை வந்த முப்பிடாதியிடம் கடிகாரம் ஏதும் இல்லை. வலது உள்ளங்கையில் காசளவு தீப்புண். இடது கையில் கசங்கிய ஒரு சீட்டு.

"களவு போனதைக் கண்டுபிடிச்சுக் குடுப்பியளாமே அண்ணாச்சி. நான் களவாங்கலைன்னு கண்டுபிடிச்சுக் குடுப்பியளா?"

ஐயம்பெருமாள் ஸ்டூலைக் காட்டினார். அதில் உட்கார்ந்திருந்த சாய்கிருஷ்ணன் சட்டென்று எழுந்தான். கணக்கில் பி.எஸ்சி. படித்தவன், அவர் துப்புத் துலக்கப் போனால் அழைக்காமலே கூட ஓடுகிறவன், கடைக்கு ரசீது தட்டெழுதித் தருகிறவன்.

"நம்ம பஞ்சு ஐயர் மவனும் இங்கனதான் இருக்காவளா? நல்லதாப் போச்சு. எல்லாம் இந்தச் சின்னசாமிக்கே தெரியும்" என்று அவனைக் காட்டி அவள் ஆரம்பித்தாள்.

அணையில் தண்ணீர் குறைந்த கார்ப் பருவம். ஊர் வாய்க்கால் தண்ணீரை ஐந்து பங்குதாரர்கள் முறை வைத்து, ஒருவர் மடையை அடைத்ததும் அடுத்தவர் திறப்பதாக ஏற்பாடு. கடைக்கோடியில் முப்பிடாதியின் குத்தகை வயலுக்கு முறை கிடையாது. ஆனால் ஐந்து பேர் வயலும் வாட, அவள் நாற்று மட்டும் பச்சென்று நின்றது.

"மடையை உடைக்கேன்னு சொல்லுதாவ. போன வாரம் கோயில் முன்னால சூடத்தைக் கையால அணைச்சு சத்தியம் பண்ணினேன். மறுநாளும் தண்ணி வந்துட்டு! பொய்ச்சத்தியக்காரின்னு பேராயிட்டு. வெள்ளிக்கிழமை வயலை விட்டு எறங்கணுமாம்."

"தண்ணி எப்ப வருது?"

"பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டுப் போனா நிக்கி. மில்லுல உச்சிச் சங்கு ஊதினா பைய வத்திரும். இது பங்குக்காரர் சுடலைமணி அண்ணாச்சி சீட்டு. 'ஏட்டி, இதுல உன் பேரு இருக்கா?'ன்னு மூஞ்சில விட்டெறிஞ்சாவ."

ஐயம்பெருமாள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தினார். 'ஐந்தாம் பங்கு. காலை 4.32 முதல் 8.40 வரை. 4 மணி 8 நிமிடம்.' தட்டெழுத்து. 'ம' மட்டும் வரிக்கு மேலே ஏறியிருந்தது.

"சீட்டுல என்ன இருக்கு அண்ணாச்சி, மடைகிட்ட ஒளிஞ்சிருந்து பார்ப்போம்" என்றான் சாய்கிருஷ்ணன். அதன் பிறகு அவன் வாய் திறக்கவில்லை. வாய் மூடத் தெரியாத பையன்!

அவன் தட்டெழுதிய ரசீதுக் கட்டை ஐயம்பெருமாள் ஒருமுறை புரட்டினார். அதிலும் 'ம' ஏறித்தான் இருந்தது. கட்டை மறுபடி இழுப்பறையில் வைத்தார்.

மறுநாள் காலை ஐயம்பெருமாள் வரச்சொன்னபடி பங்குதாரர்கள் ஐவரும் சீட்டோடு வாய்க்கால் கரையில் நின்றார்கள். அவருடன் முப்பிடாதியும் சாய்கிருஷ்ணனும் வந்திருந்தார்கள். எட்டு நாற்பதுக்குச் சுடலைமணி தன் மடையை அடைத்தார். திறக்க யாரும் வரவில்லை. தண்ணீர் நேரே கடைக்கோடிக்குப் போனது.

"முதல் பங்கு யாரு?" என்று கேட்டார் ஐயம்பெருமாள்.

"நான்தான்" என்றார் பஞ்சு ஐயர். "எனக்குப் பகல் பன்னெண்டு மணிக்குன்னா போட்டிருக்கு?"

"ஐயோ, எனக்கு அடுத்தாப்ல நீங்க வந்திருவியன்னுல்லா நெனைச்சேன்!" என்றார் சுடலைமணி.

"ஆளுக்கு நாலு மணி எட்டு நிமிசம். அஞ்சு பேருக்கு இருபது மணி நாப்பது நிமிசம்தான் ஆச்சு. மிச்சம் மூணு மணி இருபது நிமிசம் எவர் சீட்டுலயும் இல்ல. அதான் இந்தா ஓடுது" என்றார் ஐயம்பெருமாள்.

"எம்புள்ளை கால்குலேட்டர்ல போட்டதாக்கும். கால்குலேட்டர் தப்பாச் சொல்லுமா?"

"அது சரியாத்தான் சொல்லிச்சு சாமி. இருபத்தினாலை அஞ்சால வகுத்தா நாலு புள்ளி எட்டு. அந்த எட்டு, ஒரு மணியைப் பத்தாப் பிரிச்சதுல எட்டுப் பங்கு. கடியாரம் மணியை அறுபதாப் பிரிக்குது. எட்டு நிமிசம் இல்ல, நாப்பத்தெட்டு நிமிசம் வரணும். வகுத்தவர் விடையைத் திரும்பப் பெருக்கிப் பாத்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

சாய்கிருஷ்ணன் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"பெருக்கிப் பார்த்தேன் அண்ணாச்சி" என்றான் சாய்கிருஷ்ணன். காது வரை சிவந்திருந்தது. "பத்து நாளாத் தெரியும். திருத்தின சீட்டு பையிலதான் இருக்கு. அப்பா ஊரெல்லாம் பெருமை பேசிண்டிருந்தார். வெட்கமா இருந்தது, இன்னிக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

முப்பிடாதி அவனைப் பார்த்தாள். "நான் சூடத்துல கை வச்சப்ப நீங்களும் அங்கனதான சாமி நின்னிய?"

"நின்னேன்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சுதான்."

சே, என்ன பிறவி! பி.எஸ்சி. படித்து என்ன? பஞ்சு ஐயர் மேல்துண்டால் முகத்தைத் துடைப்பது போல மூடிக்கொண்டார். சுடலைமணி மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"அப்பம் கணக்கைத் திருத்திட்டா எனக்கு இனிமே தண்ணி வராதுல்லா?" என்று முப்பிடாதி கேட்டாள்.

அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை, ஐயம்பெருமாள் உட்பட. அவர் முதல் தடவையாகத் தலை குனிந்தார்.

சாய்கிருஷ்ணன் பையிலிருந்த சீட்டுகளைக் கிழித்தான். "ஆறால வகுக்கலாம். ஆளுக்கு நாலு மணி, மீதியே கிடையாது. நீங்க இப்போ பாய்ச்சறதுல எட்டு நிமிஷம்தான் குறையும்."

சுடலைமணி குனிந்து மண்வெட்டியை எடுத்தார்.

"எட்டு நிமிசத்துல என்ன கொறைஞ்சிரப் போவுது? போடுங்க சாமி" என்றார் சுடலைமணி, வாய்க்காலைப் பார்த்தபடி. மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அவன் முழங்காலில் தாளை வைத்துக் கையால் எழுதினான். 'ஆறாம் பங்கு. முப்பிடாதி. காலை 8 முதல் 12 வரை.' முகத்தைப் பார்க்காமல் நீட்டினான்.

அவள் இடது கையால் வாங்கிக்கொண்டாள்.

"தப்பா நெனைக்காதிய சாமி. வலது கையால பிடிக்க முடியல" என்றாள்.