உள்ளே போன காலடிகள்

மரக்காணத்தில் பேருந்தை விட்டு இறங்கும்போது மணி பதினொன்று இருக்கும். ஒரு தோளில் கேமராவும் மறு தோளில் லேப்டாப்புமாக சந்தியா கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். மாசி மாத வெயில். ரோட்டை ஒட்டியே உப்பளம் தொடங்கிவிட்டது. வெள்ளைக் குவியல், தண்ணீர், மறுபடி வெள்ளைக் குவியல். நிலம் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை.

"அட்டைப்படத்துக்கு வந்த அக்கா நீங்கதானே?"

ஸ்கூட்டியில் உட்கார்ந்தபடி காலை ஊன்றியிருந்தாள் ஒரு பெண். பத்தொன்பது வயதிருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்து சாம்பல் பூசியதுபோல இருந்தது.

"நீதான் மேரிசெல்வியா? வீடியோவுல வேற மாதிரி இருந்தியே."

"வீடியோவுக்குக் குளிச்சிட்டு வந்தேங்க்கா. ஏறுங்க."

மேரிசெல்வி உப்பளத்தில் கூலி வேலை செய்கிறவள். உப்புப் பாத்தியின் சேறு இறுகக் காலால் மிதிக்கும் தாளத்தை வைத்து அவள் பாடி, செல்போனில் எடுத்துப் போட்ட பாட்டை லட்சக்கணக்கான பிள்ளைகள் கேட்டிருந்தார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கென்றே புதிதாக வரப்போகிற 'வால்யூம்' இசை இதழின் முதல் அட்டை அவள்தான்.

சந்தியாவுக்கும் அது முதல் அட்டை. மூன்று வருடமாக வேறு வேறு பத்திரிகைகளில் குறுக்கெழுத்துக்கும் கடை விளம்பரத்துக்கும் கட்டம் போட்டே காலம் தள்ளியவள். "சாயங்காலம் நாலு மணிக்கு அச்சுக்குப் போகுது. உன்னுது சரியா வரலைன்னா வேற ஒருத்தர் போட்ட அட்டை கையில இருக்கு, அதைப் போட்டுடுவேன்" என்று ஆசிரியர் கார்த்திகேசன் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால்தான் லேப்டாப்பையும் சுமந்துகொண்டு வந்திருந்தாள். அங்கேயே படம் எடுத்து, அங்கேயே வடிவமைத்து, அங்கிருந்தே அனுப்பிவிடுவதாகத் திட்டம்.

உப்பளத்தின் நடுவில் சாக்கு அடுக்கும் கொட்டகை ஒன்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு கதவு, ஒரு பிளக் பாயிண்ட். உள்ளே ஈரச் சாக்கின் வாடையும், தொண்டையில் ஒட்டுகிற உப்பு வாடையும் அடித்தன. கொட்டகைக்கு எதிரே, அன்று காலைதான் மிதித்து முடித்த பாத்தி. இன்னும் தண்ணீர் விடவில்லை. ஒரு கோடு, ஒரு கீறல் இல்லாமல் கருஞ்சாம்பல் நிறத்தில் மினுங்கியது.

அதன் நடுவில் ஒரு பெண்மணி குனிந்து ஈரச் சாக்கை இழுத்தபடி பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருந்தாள். அவள் கால் பதிந்த இடத்தையெல்லாம் சாக்கு துடைத்துக்கொண்டே வந்தது.

"எங்கம்மா" என்றாள் மேரிசெல்வி. "சவரியம்மாள்."

"எதுக்கு அப்படிப் பின்னாடியே நடக்கறாங்க?"

சவரியம்மாள் வரப்பில் ஏறிச் சாக்கை உதறிவிட்டுத்தான் பதில் சொன்னாள். "மிதிச்ச பாத்தியில காலடியை விட்டுட்டு வரக் கூடாதும்மா. கடைசியா வர்றவங்க துடைச்சிட்டுதான் வரணும்."

"விட்டா?"

"பாத்தி ஆளை வெச்சுக்கும்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. சந்தியாதான் சிரித்தாள். அவள் கண்ணுக்குள் அட்டை வந்து நின்றுவிட்டது. மேல் பாதி வெறும் வானம், அதில் இதழின் பெயர். நடுவில் மேரிசெல்வி, கழுத்தில் பளீர் பிங்க் நிற ஹெட்போன். அட்டையின் அடியிலிருந்து அவளை நோக்கிப் போகிற ஒரே ஒரு வரிசைக் காலடி. கடையில் தொங்கும்போது எந்தப் பிள்ளையின் கண்ணும் அந்த அடிகளைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடும்.

சவரியம்மாள் கஞ்சி குடிக்க வீட்டுக்குப் போகும்வரை சந்தியா காத்திருந்தாள்.

"மேரி, இந்தக் கரையிலிருந்து நடந்து போய் அந்தக் கோடியில நில்லு."

"மாட்டேங்க்கா. வேற எது வேணா சொல்லுங்க."

"பாட்டுல அவ்ளோ தைரியமா பேசற?"

"பாட்டு வேற. இது வேற."

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். எதிர்க்கரையை ஒட்டி உப்பு வாரும் பலகையைப் போட்டு, மேரிசெல்வி கரையிலிருந்தே அதில் இறங்கி நின்றுகொள்வாள். அவள் கால் சேற்றில் படாது. காலடியை சந்தியாவே பதித்துக்கொள்ளட்டும்.

சந்தியா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். சேறு குளிர்ச்சியாக இருந்தது. எண்ணிக்கொண்டே நடந்தாள். படத்தில் எத்தனை அடி கொள்ளும் என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. இருபத்து மூன்றாவது அடியில் பலகைக்குத் தாவி, அங்கிருந்து கரையேறினாள்.

திரும்பிப் பார்த்தபோது மனம் நிறைந்தது. உள்ளே போன அடிகள் இருந்தன. வெளியே வந்த அடி ஒன்றுகூட இல்லை.

கரையைச் சுற்றி வந்து நாற்பது படம் எடுத்தாள். "துடைச்சிடுங்கக்கா" என்றாள் மேரிசெல்வி.

"இரு, அனுப்பி ஓகே வாங்கிட்டு. திரும்ப எடுக்கச் சொன்னா என்ன பண்றது?"

மேரிசெல்வி பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "உங்களுக்குச் சோறு எடுத்தாரேன்" என்று ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

இரண்டரை மணிக்கு அட்டை தயாராகிவிட்டது. அனுப்பிய ஐந்தாவது நிமிடம் கார்த்திகேசன் கூப்பிட்டார்.

"சூப்பரா இருக்கு சந்தியா. ஆனா ஒரு ஆள் நடந்த மாதிரிதானே சொன்ன? ரெண்டு பேர் நடந்திருக்காங்களே."

"இல்ல சார், ஒரு வரிசைதான்."

"நான் என்ன குருடா? நல்லாப் பாரு. ஒண்ணை எடுத்துட்டு அனுப்பு, இதையே போட்டுடலாம். அது சரி, பின்னாடி என்ன சத்தம்? யாரோ சேத்துல நடக்கற மாதிரி."

"இங்க யாரும் இல்ல சார்."

போனை வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வரிசை. எடுக்கும்போது இல்லை என்று சத்தியம் செய்யத் தோன்றியது. வெயில் கண்ணை ஏமாற்றியிருக்கும், மேரிசெல்வி எப்போதோ நடந்திருப்பாள் என்று சொல்லிக்கொண்டாள். மணி மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. இடது வரிசை கொஞ்சம் மங்கல். வலது வரிசை ஆழமாக, நிழல் விழுந்து, அட்டைக்கென்றே பதித்ததுபோல இருந்தது. இடதை மவுஸால் வளைத்து அழித்தாள். அனுப்பினாள்.

'இதான் ஃபைனல். வேற எதுவும் சொல்லலைன்னா நாலு மணிக்கு அச்சுக்கு' என்று பதில் வந்தது.

மூன்று வருடம். சந்தியா சாக்குக் கட்டின்மேல் சாய்ந்து கண்ணை மூடினாள்.

சளக்.

கண்ணைத் திறந்தாள்.

சளக்… சளக்…

வெளியே எட்டிப் பார்த்தாள். ஆள் இல்லை, காக்கை இல்லை, காற்றுகூட இல்லை. பாத்தியில் அவள் காலடிக்குப் பக்கத்தில் இன்னொரு வரிசை இருந்தது. படத்தில் பார்த்தது போலவே. ஒவ்வொரு குழியிலும் ஈரம் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது, இப்போதுதான் யாரோ காலை எடுத்ததுபோல.

சாப்பாடு வேண்டாம், பஸ் ஏறிவிடலாம் என்று முடிவு செய்தாள். பைகளை மாட்டிக்கொண்டு வரப்பில் நடந்தாள். ரோடு நேர் எதிரே தெரிந்தது. புதுச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவதுகூடக் கேட்டது. பத்து நிமிட நடை. ஒரு குவியலைத் தாண்டினாள், இன்னொன்றைத் தாண்டினாள், வரப்பு திரும்பிய இடத்தில் திரும்பினாள்.

எதிரே கொட்டகை.

வழி தவறிவிட்டது. மறுபடி நடந்தாள். இந்த முறை ரோட்டிலிருந்து கண்ணையே எடுக்கவில்லை. லாரிகள் போயின, வந்தன. வெள்ளை வெளிச்சத்தில் கண்ணில் நீர் வந்தது. ஒரே ஒரு முறை இமைத்தாள்.

எதிரே கொட்டகை.

மூன்றாம் முறை ஓடினாள். கால் கனத்தது. குனிந்து பார்த்தால், காய்ந்த வரப்பில் நடந்த செருப்புக்குள் ஈரச் சேறு நிறைந்திருந்தது. மேரிசெல்விக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"மேரி?"

சளக்… சளக்… சளக்…

போனை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை.

அது போனிலிருந்து வரவில்லை.

"ஏம்மா."

சந்தியா நின்றது பலகை கிடந்த கரை; கொட்டகைப் பக்கத்துக் கரையில் சவரியம்மாள் நின்றிருந்தாள். பக்கத்தில் தூக்குச் சட்டியுடன் மேரிசெல்வி. இருவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

"ரோட்டுலேர்ந்து பார்த்துட்டேதான் வர்றோம்" என்றாள் சவரியம்மாள் தணிந்த குரலில். "இந்த ஒரு பாத்தியையே சுத்திச் சுத்தி வந்துட்டிருக்கே. கூப்பிட்டோம், உனக்குக் கேக்கலை."

"என்னால வெளிய போக முடியலம்மா."

"எப்படிப் போவ? உள்ள போன அடியை வெச்சிருக்கே. வெளிய வந்த அடி எங்க?" அவள் பாத்தியைக் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டாள். "மேரி, உன் கண்ணு நல்ல கண்ணு. அந்தப் பக்கத்து அடியில, வலது காலுக்கு சுண்டுவிரல் இருக்குதா பாரு."

மேரிசெல்வி பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள். "இல்லம்மா. நாலு விரல்தான்."

"கொளஞ்சியம்மா" என்றாள் சவரியம்மாள். "எங்கூட மிதிச்சவ. அவசரக்காரி. துடைக்காம கஞ்சி குடிக்கப் போனா. தூக்குச் சட்டி வரப்புல இருந்துச்சு, கஞ்சி சூடா இருந்துச்சு, ஆளைக் காணோம். பதினாறு வருஷம் ஆவுது. துணைக்கு ஒருத்தி கிடைச்சா விடுவாளா?"

ஈரச் சாக்கைச் சந்தியாவின் பக்கம் தூக்கி எறிந்தாள். "பலகையிலேர்ந்து இறங்கு. உன் அடியை நீதான் துடைக்கணும். முகத்தைத் திருப்பாம, பின்னாடியே வா. பக்கத்துல இருக்கிறதைத் தொட்டுடாத. யார் கூப்பிட்டாலும் பேசாத. இவ கைதட்டுவா, அந்தச் சத்தத்துக்கு வா."

சந்தியா இறங்கினாள். சேறு இப்போது குளிரவில்லை. வெதுவெதுப்பாக, தோல்போல இருந்தது.

பின்னால், தூரத்தில், மேரிசெல்வி கைதட்ட ஆரம்பித்தாள். அவள் பாட்டின் தாளம்.

சாக்கை இழுத்தாள். ஒன்று. பின்னால் ஓர் அடி. இரண்டு. அவள் கால் வைக்கும்போதெல்லாம் வலப்பக்கம் சேறு அமுங்கியது. அவள் நின்றால் அதுவும் நின்றது. வெயிலில் உலர்ந்த வியர்வை வாடையும் புளித்த கஞ்சி வாடையும் தோளருகே வந்து நின்றன.

பதினைந்து. பதினாறு.

"இரேன்" என்றது ஒரு குரல், காதுக்குப் பக்கத்தில். கெஞ்சலாக. "ஒத்தையா மிதிக்க முடியலடி."

பல்லைக் கடித்துக்கொண்டாள். இருபத்து இரண்டு. இருபத்து மூன்று. குதிகாலால் கரையைத் தேடினாள்.

கரை இல்லை.

இருபத்து நான்கு. இருபத்து ஐந்து. முன்னால் துடைத்த சேறு நீண்டுகொண்டே போனது. கைதட்டல் சத்தம் அதே தூரத்தில் இருந்தது.

"அம்மா" என்று மேரிசெல்வி பதறுவது கேட்டது. "அக்கா நின்ன இடத்துலயே நடக்குதும்மா."

"ஏம்மா பொண்ணு, பேசாத, தலையை மட்டும் ஆட்டு." சவரியம்மாளின் குரல். "வேற எங்கயாவது உன் அடி இருக்குதா? படம் எடுத்தியே, அதை அழிச்சிட்டியா?"

சந்தியாவின் சட்டைப்பையில் போன் கனத்தது. எடுத்து ஒரு வார்த்தை தட்டினால் போதும், அச்சு நின்றுவிடும். வேறு ஒருவர் போட்ட அட்டை கடையில் தொங்கும். அவள் மறுபடி குறுக்கெழுத்துக் கட்டத்துக்குப் போவாள். அவள் கண்ணுக்குள் அந்த மங்கலான இடது வரிசை வந்தது, அதுதான் அவளுடையது. அதை அழித்தாயிற்று. அட்டையில் இருப்பது அவளுடைய அடியே இல்லை. அப்படியென்றால் அழித்துவிட்டேன் என்பது பொய்யும் இல்லை.

ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

தோளருகே யாரோ மூச்சு விட்டதுபோல இருந்தது. நெடுநாள் சுமையை இறக்கி வைத்த மூச்சு.

குதிகால் கரையில் இடித்தது.

மேரிசெல்வி அவளைக் கட்டிப்பிடித்து மேலே இழுத்தாள். பாத்தி கண்ணாடிபோல் வழவழவென்று கிடந்தது. சந்தியாவின் அடியும் இல்லை. பக்கத்து வரிசையும் இல்லை.

"அவளுது எங்க?" என்றாள் சவரியம்மாள். "நான் உன்னுதைத்தானே துடைக்கச் சொன்னேன்."

சந்தியாவின் போனில் ஒரு செய்தி வந்து விழுந்தது. 'அச்சு ஆரம்பிச்சாச்சு. வாழ்த்துகள்.'

பன்னிரண்டு நாள் கழித்து அலுவலகத்துக்கு முதல் கட்டுகள் வந்தன. ஆறாயிரம் பிரதி. கார்த்திகேசன் எல்லோருக்கும் காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு கடைகளைப் பார்க்கக் கிளம்பிப் போனார். சந்தியா மட்டும் மேஜையில் இருந்தாள். ஜன்னல் வழியே மதிய வெயில். வேலைக்கார அம்மா அப்போதுதான் வெள்ளை டைல்ஸைத் துடைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போயிருந்தாள்.

போன் அடித்தது. மேரிசெல்வி.

"புக்கு வந்துச்சுக்கா. நான் அவ்ளோ அழகாவா இருக்கேன்? ஊரே பார்த்துட்டுப் போவுது." பிறகு குரல் இறங்கியது. "அம்மா மட்டும் தொட மாட்டேங்குது. அக்கா, அட்டையில இருக்கிறது உங்க காலுதானே?"

"ஏன்?"

"எண்ணிப் பாருங்களேன். விரலை."

சந்தியா ஒரு பிரதியை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஆழமான, அழகான, நிழல் விழுந்த அடிகள். அவளே தேர்ந்தெடுத்து வைத்த வரிசை. வலது கால் ஒவ்வொன்றிலும் நான்கு விரல்.

அடியிலிருந்து மேலாக எண்ணினாள். இருபத்து இரண்டுதான் இருந்தன. அட்டையின் கீழ் விளிம்பில், முதல் அடி இருக்க வேண்டிய இடம் வழவழவென்றிருந்தது.

இமைத்துவிட்டு மறுபடி எண்ணினாள். இருபது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா? அங்க என்ன சத்தம்?"

அறையில் ஈரச் சாக்கின் வாடை அடித்தது.

சந்தியா மெல்லத் தலையைத் தூக்கினாள். கதவு சாத்தியபடிதான் இருந்தது. கதவடியிலிருந்து அவள் நாற்காலி வரைக்கும், துடைத்த வெள்ளைத் தரையில், கருஞ்சாம்பல் சேற்றில் ஒரே ஒரு வரிசை.

உள்ளே வந்த அடிகள் இருந்தன. வெளியே போன அடி ஒன்றுகூட இல்லை.