முந்திக் கேட்ட குரல்

பெரியப்பா ரோழேயின் வீட்டைத் திறந்ததும் செத்ரிக் மூக்கைப் பொத்திக்கொண்டான். உப்புக்காற்றில் ஊறிய சுவர், பழைய மெழுகுவர்த்தி, பூட்டிக் கிடந்த அறைகளின் புழுக்கம். வீட்டை விற்கப் பாரிசிலிருந்து வந்தவன். காரைக்காலில் அவன் மட்டம் தட்டாத பொருளோ ஆளோ பாக்கியில்லை. மகள் மரீன் ஒருத்திதான் விதிவிலக்கு. தாயில்லாப் பிள்ளை. அவளுக்கு ஒன்றென்றால் இந்தப் பெரிய மனிதனுக்கு உயிர் தங்காது. அவள் கிளிஞ்சல்மேட்டுக் கடலைப் பார்க்கப் போயிருந்தாள்.

சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டு அனெத் வந்ததும் வராததுமாக டிவியைப் போட்டாள். அதன் பின்னால் ஒரு சின்னப் பெட்டி. யார் வேண்டுமானாலும் பிரித்து மாற்றிக்கொள்ளக்கூடிய இலவச மீடியா சென்டர் மென்பொருள் அதில் இருந்தது. பெரியப்பா பிரெஞ்சு கால்பந்தை நேரலையில் பார்த்ததெல்லாம் அதில்தான்.

“ஞாயித்துக்கெழம மேட்ச் போட்ருவேன் தம்பி. உங்க பெரியப்பா போனப்பறமும் நிறுத்தல. போடலன்னா உள்ரூம்ல நாற்காலி இழுபடுது.”

“ஓசி சாப்ட்வேருக்கு ஒரு பேய் வேறயா?” என்றான் செத்ரிக்.

அனெத்தின் முகம் சுண்டியது. “அவங்க இங்கதான் இருக்காங்க. பாத்துப் பேசுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

படம் திக்கித் திணறி ஓடியது. ஜன்னலில் மழை இருட்டு கவிந்தது. பந்து இன்னும் நடு மைதானத்தில் உருண்டுகொண்டிருக்க, உள் அறையில் யாரோ நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினார்கள்.

“ஐயோ, போச்சே.”

பெரியப்பாவின் கட்டைக் குரல். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரையில் எதிரணி கோல் போட்டது.

முதுகு சில்லிட்டது. ஆனாலும் மேதாவித்தனம் விடுமா? இணைய நேரலை எப்போதும் பிந்தித்தான் வரும், வேறொரு ஸ்பீக்கரில் ஏதோ முந்தி வருகிறது என்று தனக்கே பாடம் நடத்திக்கொண்டு உள்ளே போனான்.

ஸ்பீக்கர் இல்லை. இரண்டு பிரம்பு நாற்காலிகள் மட்டும். ஒன்று சுவரோரம் தூசி படிந்து கிடந்தது. மற்றதன் இருக்கை, ஆள் உட்கார்ந்தது போல் குழிந்திருந்தது.

“ஐயோ, போச்சே.”

காதருகே கேட்டது. கூடத்தில் வர்ணனையாளர் அதற்குப் பிறகுதான் கத்தினார்.

ஓடிவந்து பெட்டியின் வயரைப் பிடுங்கினான்.

“செத்தும் ஓசியா? போய்த் தொலை.”

திரை அணைந்தது. வீடே அடங்கியது.

பிறகு, உள்ளே நாற்காலிக் கையில் தட்டும் சத்தம்.

“ஐயோ, மரீன். போச்சே.”

மகளுக்குப் போன் போட்டான்.

“என்னப்பா? முழங்கால் தண்ணிலதான் நிக்கிறேன்” என்று சிரித்தாள் மரீன்.

போன உயிர் திரும்பி வந்தது. கிழவனுக்குப் பொய் வேறு வருகிறது என்று உதட்டைப் பிதுக்கக்கூட அவனுக்கு நேரம் கிடைத்தது. அப்புறம்தான் உறைத்தது. அந்தக் குரல் முந்தி வரும். நடப்பது பின்னால் வரும்.

“மரீன், கரைக்கு வா. உடனே வா.”

போனில் அலைச்சத்தம் மட்டும் கேட்டது.

உள் அறையில், சுவரோரம் கிடந்த நாற்காலி மெல்ல இழுபட்டுப் பெரியப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றது.