பதினாலாம் அறையின் பெரட்டு

காலையில் நாலு பேரைக் கூப்பிட்டாள் பரிமளம். ஐந்து பேர் பதில் சொன்னார்கள்.

"வீரய்யா."

"இருக்கேன்."

"நல்லம்மா."

"இருக்கேன் புள்ள."

"அழகமுத்து."

"இருக்கேங்க."

"இருளப்பன்."

"இருக்கேன்க்கா."

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் தாழ்வாரத்தின் கடைசியில், உடைத்துப் போட்ட சுண்ணாம்பின் ஈர வாசம் திரண்டு நிற்கும் அந்த இருட்டு மூலையிலிருந்து, ஓர் இளைஞனின் குரல் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னது: "இன்னவா." இருக்கிறேன் என்று.

"எதிரொலி," என்றார் வீரய்யா.

"யுனிவர்சிட்டி எதிரொலியாச்சே, அதான் சிங்களமும் படிச்சிருக்கு," என்றாள் நல்லம்மா, கல்கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டே. "தோட்டத்த விட்டு வந்தும் இந்தப் பெரட்டு நம்மள விடுதா பாரு."

பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணும் இந்தப் பெரட்டு பரிமளத்தின் அப்பாவிடமிருந்து வந்தது. மடுல்கெல்லத் தோட்டத்தில் விடிகாலையில் அவர் பெயர் கூப்பிடுவார்; பதில் சொல்லாதவருக்கு அன்று வேலை இல்லை. இங்கே மகள் மேற்பார்வையாளர். காலையில் ஒருமுறை, நாலரை மணிக்கு ஒருமுறை, அதே வரிசையில் கூப்பிடுவாள். இடிந்த சுவருக்கு அடியில் யாரையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்ற பயம். பயத்துக்குக் காரணம் கடைசிப் பெயர்தான். ஊரில் சும்மா இருந்த தம்பி இருளப்பனை அவள்தான் வற்புறுத்தி அழைத்து வந்தாள். "அக்கா கூப்பிட்டா வந்துதானே ஆகணும்," என்று சிரித்தபடி பஸ் ஏறியவன்.

கண்டிக்கு வெளியே, ஆற்றைப் பார்த்த சரிவில் இருந்தது அந்தப் பழைய பல்கலைக்கழக விடுதி. இருபத்திரண்டு சின்ன அறைகளை உடைத்துப் பதினொன்றாக்க வேண்டும். மாணவர்களும் விரிவுரையாளர்களும் ஒரே கூரைக்குக் கீழே தங்கி, சாப்பிட்டு, படிப்பார்களாம்; 'கூடி வாழ்ந்து கற்கும் விடுதி' என்று வாசலில் பலகையும் மாட்டியாயிற்று. முந்தின நாள் பதினாலாம் அறையில் பச்சைப் பூச்சைச் சுரண்டியபோது, அடியில் ஆணியால் கீறிய ஏழு சிங்களப் பெயர்கள் தெரிந்தன. "பெரட்டு மாதிரி வாசி அக்கா," என்றான் இருளப்பன். அவளும் விளையாட்டாக, அப்பாவைப் போல நெஞ்சை நிமிர்த்தி, ஏழையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவன் சம்மட்டியால் அந்தச் சுவரை இடித்தான்.

மதியம் அக்குறணையிலிருந்து லொறியில் தரை ஓடு கொண்டுவந்த பாரூக், இடிந்த சுவரைப் பார்த்ததும் ஓட்டுப்பெட்டியைக் கீழே வைத்தார்.

"பேரு இருந்திச்சா அதுல?"

"இருந்திச்சு பாரூக் நானா. ஏன்?"

"எங்கட வாப்பா இங்க கோக்கியா, சமையல்காரரா ஈந்தவர். பொடியன்மாரப் புடிச்சுக் கொண்டுபோன அந்தக் கெட்ட வருசத்துல துவக்கோட வந்தவங்க ஒரு பொடியன அடிச்சு, அவன்ட வாயாலயே கூட்டாளிமார்ட பேரக் கூப்பிட வெச்சாங்களாம். தெரிஞ்ச குரல்தானேண்டு, இருக்கேன்னு சொல்லிக்கொண்டு ஏழு பேரு வெளிய வந்தாங்க. இந்த ரூமுக்குள்ளதான் தங்கச்சி. சுடல்ல. அலவாங்கால, கடப்பாரக் கம்பியால அடிச்சே கொன்னாங்க."

"எல்லாருமேவா?"

"வாயப் பொத்திக்கிட்டு கட்டிலுக்குக் கீழ கெடந்தவன் மட்டும் தப்பினான்."

அவர் தேநீர் குடிக்காமலே போய்விட்டார்.

நாலு மணிக்கு மழை இறங்கியது. மலைகளை மூடிக்கொண்டு வந்த பனிப்புகார், சட்டமில்லாத ஜன்னல்கள் வழியே உள்ளே புகுந்தது. மின்சாரம் போனது. கீழ்மாடியில் பரிமளம் கதவுநிலை ஒன்றை அளந்துகொண்டிருந்தாள். தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சலுக்கு நடுவே, மேல்மாடித் தாழ்வாரத்தில் ஒரு குரல் கேட்டது. நிமிர்ந்த நெஞ்சிலிருந்து வருகிற குரல். அவளுடைய குரல்.

"வீரய்யா."

அவள் தன் உதடுகளைத் தொட்டுப் பார்த்தாள். மூடியிருந்தன.

"இருக்கேன்."

பிறகு ஒரு அடி. சுவரில் விழும் இரும்பு காய்ந்த சத்தம் போடும். இது ஈரமாக விழுந்தது. இன்னொன்று. இன்னொன்று.

வரிசை அவளுக்குத் தெரியும். நாலாவது, தம்பி.

படியை நோக்கி ஓடினாள்.

"நல்லம்மா."

"பதில் சொல்லாதீங்க," என்று கத்தினாள் பரிமளம். மழை அதை விழுங்கியது. மேலே நின்ற நல்லம்மாவுக்குக் கேட்டதெல்லாம் பரிமளத்தின் குரல், அவ்வளவுதான்.

"இருக்கேன் இருக்கேன். எத்தன தடவ புள்ள கூப்பிடுவ?"

முதலில் கல்கூடை உருண்டு வந்தது. அதற்குப் பின்னால் நல்லம்மா. தலைத்துணி நெற்றிக்குள் அமுங்கிப் போயிருந்தது. கை இன்னும் கூடையைப் பிடிக்கிற மாதிரி விரிந்திருந்தது.

பரிமளம் அவளைத் தாண்டினாள். மிதித்தாள். படி வழுக்கியது.

"அழகமுத்து."

"இருக்கேங்க."

அலறல் பாதியில் நின்றது. அடி நிற்கவில்லை.

பதினாலாம் அறையில் இருளப்பன் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான். "என்னக்கா, நீ அங்கல்ல கூப்பிட்டுக்கிட்டு..." அவள் அவனைத் தள்ளி, சுவரின் மிச்சத்துக்குப் பின்னால் விழுத்தி, வாயைப் பொத்தினாள்.

தாழ்வாரத்தில் வெறுங்கால்கள். ஒன்றல்ல, பல. தரையில் உரசிக்கொண்டு வருகிற இரும்பு.

"இருளப்பன்."

அவள் வாய் அவன் காதோடு ஒட்டி மூடியிருந்தது. அவனுக்குத் தெரியும், அது அவள் இல்லை. கண்கள் விரிந்தன. ஆனாலும் நெஞ்சு தானாக நிமிர்ந்தது. தொண்டை அவள் விரல்களுக்குக் கீழே துடித்தது. பிறந்ததிலிருந்து பெயர் கேட்டதும் பதில் சொன்ன தொண்டை.

"இருளப்பன்."

கடித்தான். அவள் கையை எடுக்கவில்லை. பக்கத்தில் கிடந்த சீமெந்துப் பையை இழுத்து அவன் முகத்தில் அழுத்தினாள். நெஞ்சில் முழங்காலை ஊன்றினாள்.

"தம்பி." வெளியிலிருந்து, இப்போது மெதுவாக, தோட்டத்து லய வீட்டுக் காம்பராவில் அவள் அவனைத் தூங்க வைத்த குரலில். "தம்பி, வாடா."

உதைத்தான். குதிகால் கல்லில் அடித்தது. அழுத்தினாள். சொல்லாதடா. நகங்கள் அவள் கழுத்தைக் கிழித்தன. அழுத்தினாள். சொல்லாத. சொல்லாத.

அவன் கால்கள் நின்றன.

வெளியே இரும்பின் உரசலும் நின்றது. வெறுங்கால்கள் திரும்பின. தாழ்வாரத்தின் கடைசி வரை போய்த் தேய்ந்தன. மழை மட்டும்.

"போயிட்டாங்கடா," என்றாள். பையை எடுத்தாள். சீமெந்து படிந்த முகம். திறந்த கண்கள். இமை அசையவில்லை. நெஞ்சில் காதை வைத்தாள். கன்னத்தில் தட்டினாள். வாயைப் பொத்திக்கொண்டே, இன்னும் பொத்திக்கொண்டே, அவனை மடியில் இழுத்து ஆட்டினாள்.

கதவருகே அவளுடைய குரல் கடைசியாக ஒருமுறை கூப்பிட்டது.

"இருளப்பன்."

அவள் உள்ளங்கைக்குக் கீழே உதடுகள் அசைந்தன.

"இருக்கேன்க்கா."